ஹாபி சிஎன்சி ஒயரிங்: 36, 24, 5 வோல்ட்டை எப்படிப் பிரிப்பது, சென்சாரையும் ரிலேவையும் எங்கே சேர்ப்பது?

மரச்சுருள்:

வணக்கம் நண்பர்களே. மரமும் பிளைவுட்டும், எப்போதாவது அலுமினியத் தகடும் வெட்டுவதற்காக ஒரு மூன்று அச்சு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின்) கட்டிக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்கல் வேலை முடிந்துவிட்டது. ஒய் அச்சில் இரண்டு, எக்ஸ், இசட்டில் ஒவ்வொன்று என நான்கு நெமா 23 ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்). நான்குக்கும் டிஎம்542 டிரைவர். 36 வோல்ட், 350 வாட் பவர் சப்ளை ஒன்று. மூளைக்கு அர்டுயினோ ஊனோ, அதில் ஜிஆர்பிஎல் 1.1 (மெஷினை ஓட்டும் மென்பொருள்). ஹோமிங்குக்கும் (தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்க) லிமிட்டுக்கும் (அச்சை எல்லையில் நிறுத்த) எல்ஜே12ஏ3-4-இசட்/பிஎக்ஸ் இண்டக்டிவ் சென்சார் (உலோகம் அருகே வந்தால் உணர்வது) ஐந்து வைத்திருக்கிறேன். வெட்டுவது கையில் பிடிக்கும் ரவுட்டர் மோட்டார்தான், அதையும் தூசி உறிஞ்சும் மோட்டாரையும் ரிலே வழியாக ஓட்ட ஆசை.

என் திட்டம்: அந்த 36 வோல்ட் சப்ளையிலிருந்தே எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜை இறக்கும் போர்டு) வைத்து 12 வோல்ட் எடுத்து சென்சாருக்கு, இன்னொன்று வைத்து 5 வோல்ட் எடுத்து அர்டுயினோவுக்கும் ரிலே மாட்யூலுக்கும்.

இப்போது மேசையில் தற்காலிகமாக இணைத்து ஓட்டும்போது, தூசி உறிஞ்சியின் ரிலே விழும் (ஆஃப் ஆகும்) நேரங்களில் அலாரம் 1 வருகிறது, அதாவது லிமிட் தட்டிவிட்டதாக மெஷின் நிற்கிறது. எந்தச் சென்சார் அருகிலும் இரும்பே இல்லை. எமர்ஜென்சி ஸ்டாப்பை எங்கே போடுவது என்பதும் தெளிவாகவில்லை. பெட்டியில் நிரந்தரமாகப் பூட்டுவதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.


பழைய_பேனல்:

பூட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லது. எனக்கு வேலையே கண்ட்ரோல் பேனல் ஒயரிங், அதனால் முதலில் பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

36 வோல்ட் சப்ளையை மோட்டாருக்கு மட்டும் விட்டுவிடுங்கள். எல்எம்2596 தாங்கும் உச்ச இன்புட் 40 வோல்ட். 36-க்கும் 40-க்கும் நடுவில் இடம் அதிகம் இல்லை. ஸ்டெப்பர் வேகமாக ஓடி சட்டென்று வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைச் சப்ளை பக்கம் திருப்பி அனுப்பும், லைன் வோல்டேஜ் ஏறும். டிஎம்542 50 வோல்ட் வரை தாங்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. பக் கன்வெர்ட்டர் தாங்குமா என்பது அதிர்ஷ்டம். அது போகும்போது உள்ளே ஷார்ட் ஆகிப் போனால் 36 வோல்ட் நேராக அர்டுயினோவுக்குள் போகும்.

தனியாக 24 வோல்ட், ஒன்றிரண்டு ஆம்ப் கொடுக்கும் சின்ன சப்ளை ஒன்று போடுங்கள். கணக்கு பார்த்தால் தேவை மிகக் குறைவுதான். சென்சார் ஒன்றுக்கு 15 மில்லி ஆம்ப் என்று தாராளமாக வைத்தாலும் ஐந்துக்கு 75. 24 வோல்ட் ரிலே காயில் ஒன்று சுமார் 40 மில்லி ஆம்ப். எல்லாம் சேர்த்து அரை ஆம்ப் தாண்டாது. 5 வோல்ட்டை இந்த 24-லிருந்து பக் வைத்து எடுக்கலாம். 7805 ரெகுலேட்டர் வேண்டாம்: 24-லிருந்து 5-க்கு இறக்கினால் 200 மில்லி ஆம்ப்புக்கே 3.8 வாட் சூடாக வீணாகும்.

சென்சாருக்கு 12 ஏன் வேண்டாம், 24 ஏன் என்று கேட்பீர்கள். அந்தச் சென்சார் 6 முதல் 36 வோல்ட் வரை வேலை செய்யும், 12-லும் ஓடும். ஆனால் கேபிளில் புகும் இரைச்சல் ஒரே அளவுதான், சிக்னல் பெரிதாக இருந்தால் அது அமுங்கிவிடும். ஒயரில் வோல்டேஜ் இறங்குவதும் அப்படித்தான். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.035 ஓம். பெட்டியிலிருந்து கேன்ட்ரி (நகரும் குறுக்குச் சட்டம்) வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர், 0.35 ஓம். அதில் 1 ஆம்ப் போனால் 0.35 வோல்ட் குறையும். 24-ல் இது ஒரு பொருட்டே இல்லை. 5 வோல்ட்டை அந்தத் தூரத்துக்கு இழுத்தால் நூற்றுக்கு ஏழு பங்கு போய்விடும். 5 வோல்ட் பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது, இதை நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன்.

ஃப்யூஸ்: ஒவ்வொரு கிளைக்கும் தனி. ஃப்யூஸ் காப்பது கருவியை இல்லை, ஒயரை. சென்சார் கிளைக்கு 0.5 ஆம்ப், ரிலே கிளைக்கு 1 ஆம்ப், டிரைவர் ஒவ்வொன்றுக்கும் 5 ஆம்ப் அளவில் போடுங்கள். சென்சார் ஒயர் ஒன்று உரசி ஃபிரேமைத் தொட்டால் அந்தக் கிளை மட்டும் போகும், எங்கே கோளாறு என்பதும் உடனே தெரியும்.

350 வாட் சப்ளை 36 வோல்ட்டில் 9.7 ஆம்ப் கொடுக்கும். நான்கு மோட்டாரை 3 ஆம்ப்புக்கு அமைத்தாலும் சப்ளையிலிருந்து 12 ஆம்ப் இழுக்காது, மூன்றில் இரண்டு பங்கு என்று வைப்பது வழக்கம். போதும்.


நுண்கட்டுப்பாடு:

பேனல் அண்ணன் சொன்ன 24 வோல்ட் எனக்கும் சம்மதம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு யாரும் சென்சாரின் கறுப்பு ஒயரை நேராக ஊனோவின் பின்னில் செருகிவிடக் கூடாது, அதனால் இதை எழுதுகிறேன்.

பழுப்பு ஒயர் பாசிட்டிவ், நீலம் 0 வோல்ட், கறுப்பு அவுட்புட். உங்களிடம் இருப்பது பிஎக்ஸ், அதாவது என்பிஎன், என்.ஓ. (இயல்பில் திறந்தது). இரும்பு அருகில் வந்தால் கறுப்பை 0 வோல்ட்டோடு சேர்க்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். விட்டுவிடும்போது கறுப்பு சும்மா மிதக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகைச் சென்சார்களில் பெரும்பாலும் உள்ளேயே கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் உண்டு. சும்மா இருக்கும்போது மீட்டரை வைத்துப் பாருங்கள், கறுப்பில் 24 வோல்ட் நிற்கும். 5 வோல்ட் பின்னுக்கு அது ஆகாது.

சரியான வழி ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் பாகம்). பிசி817 போதும். +24-லிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து ஆப்டோவின் எல்இடி ஆனோடு, கேத்தோடு சென்சாரின் கறுப்புக்கு. எல்இடியில் 1.2 வோல்ட் போக மீதி 22.8, அதை 4.7 கிலோவால் வகுத்தால் 4.85 மில்லி ஆம்ப். ரெசிஸ்டரில் 0.11 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். 2.2 கிலோ போடுகிறவர்கள் கவனிக்க: 0.24 வாட் ஆகும், கால் வாட் ரெசிஸ்டர் விளிம்பில் நின்று சுடும், அரை வாட் போடுங்கள். மறுபக்கம் எமிட்டர் ஊனோவின் கிரவுண்டுக்கு, கலெக்டர் லிமிட் பின்னுக்கு. பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ புல்அப் (பின்னை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) ஒன்று. ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் புல்அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். அது மிகவும் பலவீனம், நீளமான கேபிளோடு சேர்ந்தால் ஏரியலாகவே மாறிவிடும். உங்கள் அலாரம் 1-க்கு அதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

ஒன்று மனதில் இருக்கட்டும். 24-லிருந்து பக் வைத்து 5 எடுத்தால் இரண்டின் 0 வோல்ட்டும் ஒன்றாகிவிடும். அப்போது ஆப்டோ இருந்தாலும் முழுமையான தனிமை கிடைக்காது, அதிக வோல்டேஜிலிருந்து பாதுகாப்பு மட்டுமே கிடைக்கும். ஊனோவை யூஎஸ்பியிலிருந்தோ தனி 5 வோல்ட் அடாப்டரிலிருந்தோ ஓட்டினால்தான் ஆப்டோவின் முழுப் பலனும்.


பழைய_பேனல்:

ஒத்துக்கொள்கிறேன். தனி 5 வோல்ட் அடாப்டரே நல்லது. பக் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள் மரச்சுருள்.


படிமோட்டார்:

ஆப்டோ இல்லாமலும் செய்யலாமே. ஷாட்கி டயோடு ஒன்று போதும்: ஆனோடு ஊனோ பின்னில், கேத்தோடு சென்சாரின் கறுப்பில். சென்சார் இழுக்கும்போது பின் கீழே இறங்கும், விடும்போது 24 வோல்ட்டை டயோடு தடுத்துவிடும். என் மெஷினில் அப்படித்தான் ஓடுகிறது, ஒரு பாகம், ஒரு சால்டர்.


நுண்கட்டுப்பாடு:

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் இடைவெளி குறுகலாக இருக்கிறது. ஏடிமெகா328-க்கு 5 வோல்ட்டில் 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் அது பூஜ்யம் என்று உறுதி. சென்சார் இழுத்தாலும் அதன் டிரான்சிஸ்டரில் கொஞ்சம் வோல்டேஜ் மிச்சம் நிற்கும், அதன் மேல் டயோடின் 0.3. இரண்டும் சேர்ந்து எல்லைக்கு உள்ளே இருக்கும் வரை சரி. 0 வோல்ட் ஒயரில் ரிலே மின்னோட்டமும் சேர்ந்து ஓடினால் அந்தச் சில நூறு மில்லிவோல்ட்டும் கூடும். இரைச்சலைத் தாங்க மிச்சம் எதுவும் இருக்காது. மரச்சுருளின் புகாரே இரைச்சல்தான், அவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.


படிமோட்டார்:

அந்த இரைச்சலுக்கு ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை லிமிட் பின்னில் போட்டால் தீர்ந்தது. பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.


நுண்கட்டுப்பாடு:

கெபாசிட்டர் போடட்டும், நானும் போடுவேன். 4.7 கிலோ புல்அப்போடு சேர்த்தால் 0.47 மில்லி செகண்ட் தாமதம். ஹோமிங் நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 8.3 மில்லிமீட்டர். அந்தத் தாமதத்தில் அச்சு நகர்வது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. துல்லியத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் கெபாசிட்டர் விளைவைத்தான் குறைக்கிறது. ரிலே விழும்போது அந்தத் துடிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்காமல் விட்டால் நாளைக்கு அது யூஎஸ்பியை அறுக்கும், பாதி வேலையில் பலகை வீணாகும்.


ரிலே_ரசிகர்:

துடிப்பு கிளம்பும் இடம் பற்றி நான் சொல்கிறேன். மரச்சுருள், இரண்டு இடங்கள் இருக்கின்றன. தனித்தனியாக யோசியுங்கள்.

ஒன்று ரிலேயின் காயில். காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் அது அடங்காது, எதிர்த் திசையில் பெரிய வோல்டேஜாக எகிறும். டிசி காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். மாட்யூல் போர்டுகளில் இது ஏற்கனவே இருக்கும். தனி ரிலே, டிசி சோலினாய்டு வால்வு என்றால் நீங்கள்தான் போட வேண்டும், அதுவும் காயிலின் காலிலேயே. பெட்டியின் மறுமூலையில் போட்டால் நடுவில் உள்ள ஒயர் முழுக்க அந்தத் துடிப்பு ஓடும்.

இரண்டாவது, கான்டாக்ட். உங்கள் கேஸில் இதுதான் பெரியது என்பது என் கணிப்பு, ஏனென்றால் ரிலே விழும்போதுதான் அலாரம் என்கிறீர்கள். தூசி உறிஞ்சி மோட்டார் ஒரு பெரிய காயில். கான்டாக்ட் பிரியும்போது நடுவில் தீப்பொறி, அதிலிருந்து எல்லா அலைவரிசையிலும் இரைச்சல். இதற்கு 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் போடுவார்கள். எக்ஸ்2 என்று எழுதியிருப்பது கட்டாயம், மெயின்ஸில் சாதாரண கெபாசிட்டர் வெடிக்கும், தீப்பிடிக்கும். கான்டாக்டுக்குக் குறுக்கே போட்டால் ரிலே ஆஃபில் இருந்தாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லி ஆம்ப் கசியும். மோட்டார் ஓடாது, ஆனால் ஒயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே போடுவது எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் அந்த நீல நிறச் சின்ன ரிலே. மேலே 10 ஆம்ப் என்று எழுதியிருக்கும். மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தின் பல மடங்கு ஒரு கணம் இழுக்கும், கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அந்த ரிலேவை ஒரு கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்துக்கான ரிலே) காயிலை இயக்க மட்டும் வையுங்கள், மோட்டார் பாரத்தைக் கான்டாக்டர் சுமக்கட்டும். அதுவும் பெட்டிக்குள் சென்சார் டெர்மினலிலிருந்து தள்ளி.

மாட்யூலில் ஜேடி-விசிசி என்று ஒரு ஜம்பர் இருக்கும். அது செருகியபடி இருந்தால் காயிலுக்கும் ஊனோவுக்கும் ஒரே 5 வோல்ட், போர்டில் ஆப்டோ இருந்தும் பயன் இல்லை. ஜம்பரைக் கழற்றிவிட்டு ஜேடி-விசிசிக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். ஒரு காயிலுக்கு 70 மில்லி ஆம்ப் வரை போகும், அதை ஊனோவின் ரெகுலேட்டர் மேல் சுமத்த வேண்டாம்.


மரச்சுருள்:

எல்லாருக்கும் நன்றி. எஸ்எஸ்ஆர் (கான்டாக்டே இல்லாத செமிகண்டக்டர் ரிலே) போட்டால் தீப்பொறியே இருக்காதே, கான்டாக்டருக்குப் பதில் அது சரிவருமா? இன்னொன்று, துடிப்பு காயிலிலிருந்தா கான்டாக்டிலிருந்தா, அது கேபிள் வழியாக வருகிறதா போர்டுக்குள்ளேயே வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


ரிலே_ரசிகர்:

பிரித்துப் பார்க்கும் வழி எளிது. மோட்டாரின் பிளக்கை உருவிவிட்டு ரிலேவை மட்டும் பலமுறை தட்டுங்கள். அலாரம் வந்தால் காயில் பக்கம். வராமல், பிளக்கைச் செருகியதும் வந்தால் கான்டாக்ட் பக்கம். அடுத்து, சென்சார் கேபிள்களைப் பெட்டியின் டெர்மினலில் கழற்றிவிட்டு, எல்லா லிமிட் இன்புட்டையும் அங்கேயே சின்ன ஒயரால் தட்டாத நிலைக்கு இழுத்து வையுங்கள். உங்களுடைய இப்போதைய இணைப்பில் அது 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ரெசிஸ்டர் வழியாக. இப்போதும் அலாரம் வந்தால் பெட்டிக்குள் பிரச்சினை, வராவிட்டால் கேபிள் ஏரியலாக வேலை செய்கிறது.

எஸ்எஸ்ஆரை ரவுட்டருக்கு வைக்கலாம், ஹீட்சிங்கோடு. ஆம்ப்புக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும். ஆனால் எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஆன் ஆனபடியே கெடும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காத பாகத்தை நம்பக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு கான்டாக்டர் இருந்தே ஆக வேண்டும்.


மரச்சுருள்:

பார்த்தேன். மோட்டார் பிளக் இல்லாமல் ரிலேவை எவ்வளவு தட்டியும் ஒன்றுமில்லை. பிளக்கைச் செருகியதும் அலாரம். டெர்மினலில் இன்புட்டைக் கட்டிவிட்டால் பிளக் இருந்தும் அலாரம் இல்லை. ஆக கான்டாக்டில் பிறந்து சென்சார் கேபிள் வழியாக உள்ளே வருகிறது. ரவுட்டரின் மெயின்ஸ் கேபிளும் சென்சார் ஒயரும் ஒரே டிராக் செயினில் (கேபிள்களைச் சுமந்து நகரும் சங்கிலி), ஒட்டியபடி போகின்றன. செயினில் இடமும் அவ்வளவுதான் இருக்கிறது.


பழைய_பேனல்:

செயினுக்குள் தடுப்பு போட்டு ஒரு ஓரம் மெயின்ஸும் மோட்டார் கேபிளும், மறு ஓரம் சென்சார். இடமே இல்லை என்றால் சென்சாருக்கு ஷீல்டு கேபிள், அதுவும் அடிக்கடி வளைவதற்கென்று செய்த மெல்லிய இழைக் கேபிள். சாதாரண பிவிசி கேபிள் செயினுக்குள் சில காலத்தில் உள்ளுக்குள்ளேயே முறியும், மேலே உறை முழுசாக இருக்கும். அந்தக் கோளாறைத் தேடுவது பெரும் பாடு.

ஷீல்டைப் பெட்டி முனையில் மட்டும் எர்த்தோடு சேருங்கள். சென்சார் முனையில் வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு முனையிலும் சேர்த்தால் ஃபிரேமுக்கும் பெட்டிக்கும் நடுவே ஷீல்டிலேயே மின்னோட்டம் சுற்றும். நாளைக்கு விஎஃப்டி ஸ்பிண்டில் (வேகத்தை மாற்றும் டிரைவோடு ஓடும் வெட்டு மோட்டார்) போட்டால் அதன் மோட்டார் கேபிளுக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆக வேண்டும்.

எர்த் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெட்டிக்குள் ஒரே ஒரு செம்புப் பட்டை வைத்து, மெயின்ஸ் எர்த், ஃபிரேம், பவர் சப்ளைகளின் உடல், ரவுட்டர் எல்லாம் சக்கரத்தின் ஆரக்கால்போல அங்கே தனித்தனியாக வந்து சேரட்டும். ஒன்றிலிருந்து ஒன்று தாவ வேண்டாம். 24 வோல்ட்டின் 0-வை அந்தப் பட்டையில் ஒரே இடத்தில் சேர்ப்பது என் வழக்கம்: சேர்த்தால் ஒரு ஒயர் ஃபிரேமைத் தொட்டதும் ஃப்யூஸ் போகும், சேர்க்காவிட்டால் தொட்டது தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். பெயின்ட் மேல் போல்ட் போட்டால் எர்த் ஆகாது, சுரண்டிவிட்டு, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள்.

ஒயர் முனைகளுக்கு ஃபெரூல் (சின்ன உலோக உறை) போட்டு கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் வைத்து இறுக்கினால் அந்த ஈயக்கலவை அழுத்தத்தில் மெல்ல வழிந்து ஸ்குரூ தளரும், அதிரும் மெஷினில் இன்னும் சீக்கிரமாக.


படிமோட்டார்:

எமர்ஜென்சி ஸ்டாப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் 36 வோல்ட் லைனை ஒரு ரிலே மாட்யூல் வழியாகக் கொண்டுபோய் சிவப்பு பட்டனால் அறுக்கிறேன். டிசி பக்கம் அறுத்தால் மோட்டார் உடனே செத்துவிடும். மெயின்ஸ் பக்கம் அறுத்தால் சப்ளையின் கெபாசிட்டரில் மிச்சம் இருப்பது தீரும் வரை ஓடுமே?


பழைய_பேனல்:

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நீல ரிலேயின் மேலேயே படியுங்கள்: 250 வோல்ட் ஏசிக்கு 10 ஆம்ப், 30 வோல்ட் டிசிக்கு 10 ஆம்ப். 36 வோல்ட் டிசிக்கு அது ஆகவே ஆகாது. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், தீப்பொறி தானாக அணையும். டிசியில் அந்த வாய்ப்பு இல்லை, பொறி நீண்டு எரிந்து கான்டாக்டை வெல்டு செய்துவிடும். பட்டனை அமுக்குகிற அன்றைக்கு அது திறக்காமல் போனால் எதற்கு அது? மறுபடி சேர்க்கும்போதும் டிரைவர்களின் உள் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் இழுக்கும், அதுவும் கான்டாக்டுக்குக் கேடு.

மெயின்ஸ் பக்கம் அறுப்பதே ஹாபி மெஷினுக்கு நல்லது. மோட்டார்கள் மின்னோட்டம் இழுத்துக்கொண்டிருக்கும்போது மிச்சம் ஒரு நொடிக்குள் தீரும். கையை வெட்டுவது ரவுட்டர்தான், அதன் மின்சாரம் அந்தக் கணமே போகும், சுழற்சி அடங்கத்தான் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரமும் டிரைவர் நகர்த்தாமல் இருக்க வழி கடைசியில் சொல்கிறேன்.

இணைப்பு: +24 முதலில் சிவப்பு காளான் பட்டனின் என்.சி. (இயல்பில் மூடியது) கான்டாக்டுக்கு. அங்கிருந்து பச்சை ஸ்டார்ட் பட்டனின் என்.ஓ.வுக்கு. அதிலிருந்து கான்டாக்டரின் 24 வோல்ட் காயிலுக்கு, பிறகு 0. ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாகக் கான்டாக்டரின் உதவிக் கான்டாக்ட் ஒன்று. பச்சையை ஒரு முறை தட்டினால் கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். சிவப்பை அமுக்கினால் விடும். கரண்ட் போய் வந்தாலும் தானாகக் கிளம்பாது, யாராவது வந்து பச்சையைத் தட்ட வேண்டும். காளான் பட்டனைத் திருப்பி வெளியே எடுப்பதால் மட்டும் மெஷின் கிளம்பவே கூடாது. இந்தச் சங்கிலியில் மென்பொருளுக்கு வேலையே இல்லை, ஊனோ தொங்கினாலும் பட்டன் வேலை செய்யும். கான்டாக்டரின் பெரிய கான்டாக்ட்கள் 36 வோல்ட் சப்ளைக்கும், ரவுட்டர், தூசி உறிஞ்சி சாக்கெட்டுகளுக்கும் மெயின்ஸ் கொடுக்கட்டும். கான்டாக்டருக்குப் பின்னால் எதுவும் மெயின்ஸ்தான், பழக்கம் இல்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

24 வோல்ட்டும் ஊனோவும் உயிரோடு இருக்கும். காளான் பட்டனில் இன்னொரு கான்டாக்ட் என்.ஓ.வாகப் பூட்டி அதை ஊனோவின் ஏ0-வுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்தால் ஜிஆர்பிஎல் அப்போதே ரீசெட் ஆகும், படித்துடிப்பு அனுப்புவதை நிறுத்தும். இது தகவலுக்கு மட்டும், பாதுகாப்பு முதல் கான்டாக்டில்தான். மோட்டார் மின்சாரம் போன பிறகு பழைய இடத்தை நம்பாதீர்கள், மறுபடி ஹோமிங் செய்த பிறகுதான் வெட்டு. இசட்டில் பாரமான ஸ்பிண்டிலும் பால் ஸ்குரூவும் இருந்தால் மின்சாரம் போனதும் தானாகக் கீழே இறங்கலாம், ஸ்பிரிங்கோ பிரேக்கோ யோசியுங்கள்.


நுண்கட்டுப்பாடு:

ரிலேவை ஊனோவின் எந்தப் பின்னில் மாட்டுவது என்பதும் முக்கியம். ஊனோ ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் அதன் பூட்லோடர் (தொடக்க நிரல்) டி13 பின்னைச் சில முறை மின்ன வைக்கும். கம்ப்யூட்டரில் மென்பொருளைத் திறந்து இணைத்தாலே யூஎஸ்பி வழியாக ரீசெட் நடக்கும். டி13-ல் ரவுட்டர் ரிலே இருந்தால் பிட் மாற்றிக்கொண்டிருக்கும் கைக்கு அருகே ரவுட்டர் ஒரு கணம் கிளம்பும். அந்தப் பின் வேண்டவே வேண்டாம்.

டி11 ஸ்பிண்டில் பின். ஆனால் ஜிஆர்பிஎல் 1.1-ல் இயல்பாக அது பிடபிள்யூஎம் (வேகமாக ஆன், ஆஃப் ஆகும் சிக்னல்). எஸ் மதிப்பு (ஜி கோடு என்ற வெட்டுக் கட்டளைகளில் கொடுக்கும் வேகம்) உச்சத்தை விடக் குறைவாக வந்தால் நொடிக்கு ஆயிரம் முறை அளவில் துடிக்கும், ரிலே கடகடவென்று ஆடும் அல்லது பாதி இழுத்தபடி சூடாகும். $30 அமைப்பில் (உச்ச வேகம்) இருக்கும் எண்ணையே ஜி கோடிலும் எஸ் மதிப்பாகக் கொடுத்தால் முழு ஆன் ஆகும். தூசி உறிஞ்சிக்கு ஏ3, அது கூலன்ட் பின், எம்8 போட்டால் ஆன், எம்9 போட்டால் ஆஃப். டிரான்சிஸ்டர் வைத்து ரிலேவை நேராக ஓட்டுகிறவர்கள் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஒன்று போடுங்கள். ரீசெட் நேரத்தில் பின் மிதக்கும், அப்போது ரிலே இழுக்கக் கூடாது.

இசட் லிமிட் 1.1-ல் டி12. ஊனோ மேல் செருகும் பழைய ஷீல்டு போர்டுகளில் டி11 பக்கம் இசட் என்று அச்சிட்டிருப்பார்கள், அதை நம்பி மாட்டினால் ஹோமிங் நடக்காது.

சென்சாரை என்.சி. வகைக்கு மாற்றிவிடுங்கள் என்று வற்புறுத்துவேன், பிஎக்ஸுக்குப் பதில் ஏஎக்ஸ். என்.ஓ.வில் ஒயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது. ஹோமிங்கில் அச்சு போய் முட்டி, படி தவறி உறுமிக்கொண்டே இருக்கும். என்.சி.யில் பழுப்பு, நீலம், கறுப்பு எது அறுந்தாலும் ஆப்டோவின் எல்இடி அணையும், மெஷின் நகரவே நகராது. ஜிஆர்பிஎல்லில் $5=1 (லிமிட் சிக்னலைத் தலைகீழாகப் படிக்கும் அமைப்பு) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

4 மில்லிமீட்டர் தூரம் என்பது இரும்புக்கு. அலுமினியத்துக்குப் பாதிக்கும் குறைவு. கேன்ட்ரி அலுமினியம் என்றால் ஒரு இரும்பு போல்டை இலக்காக வையுங்கள், அது சென்சார் முகத்தின் குறுக்கே கடந்து போகிற மாதிரி. நேராக முகத்தில் வந்து மோதும்படி வைத்தால் ஒரு நாள் சென்சாரே உடையும்.


மரச்சுருள்:

ஏஎக்ஸ் சென்சாருக்கு மாறிவிட்டேன். தனி 24, தனி 5, ஆப்டோ போர்டு, ஸ்னப்பர், கான்டாக்டர் எல்லாம் பெட்டிக்குள் ஏறிவிட்டன. தூசி உறிஞ்சியை எத்தனை முறை தட்டினாலும் அலாரம் இல்லை. டூல் புரோபுக்கு (பிட்டின் உயரத்தை அறியும் தொடு தட்டு) என்ன செய்வது? அது தொட்டால்தான் சேரும், என்.சி. ஆக்க முடியாதே.


நுண்கட்டுப்பாடு:

முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் பிட்டைத் தட்டில் கையால் ஒரு தொடு தொட்டு, திரையில் புரோப் நிலை மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஜி38.2 (புரோப் கட்டளை). பின் ஏ5, அதற்கும் 4.7 கிலோவும் 0.1 மைக்ரோவும்.


பழைய_பேனல்:

மின்சாரம் கொடுக்கும் வரிசை: ஊனோவையும் டிரைவரையும் செருகாமல் முதலில் 24-ஐ ஆன் செய்து ஒவ்வொரு டெர்மினலிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு 5. பிறகு ஊனோ. காளான் பட்டன் கான்டாக்டரை விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் 36. டிரைவர் ஆனில் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைக் கழற்றவே வேண்டாம், டிரைவர் போய்விடும். எல்லாம் ஓடியதும் ஒவ்வொரு சென்சார் ஒயரையும் டெர்மினலில் ஒன்றொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் அலாரம் வருகிறதா என்று சோதியுங்கள்.


மரச்சுருள்:

சோதித்தேன். எக்ஸ், இசட் எல்லாம் எந்த ஒயரைக் கழற்றினாலும் அலாரம். ஒய் மட்டும் வரவில்லை. ஒய்யின் இரண்டு சென்சாரில் ஏதாவது ஒன்றின் கறுப்பைக் கழற்றினால் மெஷின் சும்மா இருக்கிறது, இரண்டையும் கழற்றினால்தான் அலாரம். ஜிஆர்பிஎல்லில் அச்சுக்கு ஒரு லிமிட் பின்தானே, அதனால் இரண்டு சென்சாரின் கறுப்பையும் ஒரே ஆப்டோவில் சேர்த்திருக்கிறேன். எக்ஸின் இரண்டாவது சென்சாரை இன்னும் மாட்டவில்லை.


நுண்கட்டுப்பாடு:

சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. என்.ஓ. சென்சார்கள் என்றால் கறுப்புகளை இணையாகச் சேர்க்கலாம், எது இழுத்தாலும் தெரியும். என்.சி.யில் சாதாரண நிலையிலேயே இரண்டும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று விட்டாலும் மற்றது எல்இடியை எரியவிடும். ஒயர் அறுந்தது மட்டுமில்லை, ஒரு முனையில் இரும்பு வந்தாலும் இப்போது தெரியாது. இப்படியே ஓட்ட வேண்டாம்.

சென்சார் ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்டோ, தனி 4.7 கிலோ. பிறகு ஊனோ பக்கம் இரண்டு ஆப்டோவின் டிரான்சிஸ்டரையும் தொடராகக் கட்டுங்கள்: முதலாவதின் கலெக்டர் லிமிட் பின்னுக்கு, அதன் எமிட்டர் இரண்டாவதின் கலெக்டருக்கு, இரண்டாவதின் எமிட்டர் கிரவுண்டுக்கு. இரண்டும் ஆன் ஆகியிருக்கும்போது பின்னில் 0.2-ம் 0.2-ம் சேர்ந்து 0.4 வோல்ட் அளவில் நிற்கும், 1.5-க்கு வெகு கீழே. எது விட்டாலும் பின் மேலே ஏறும். எக்ஸின் இரண்டாவதையும் இதேபோல. கட்டிய பிறகு மீட்டரைப் பின்னில் வைத்து 0.4 வருகிறதா என்று பாருங்கள்.


மரச்சுருள்:

கட்டிவிட்டேன். பின்னில் 0.3 வோல்ட் காட்டுகிறது. இப்போது ஐந்து சென்சாரிலும் எந்த ஒயரைக் கழற்றினாலும் அலாரம் வருகிறது, போல்டை எந்தச் சென்சார் முன் காட்டினாலும் வருகிறது. டிராக் செயின் தடுப்பு மட்டும் பாக்கி.